போல

ஷ்கோடர் நகரம், 1974

கதீட்ரலில் கைப்பந்து ஆடுகிறார்கள்.
பீடம் இருந்த பக்கம் புள்ளிப் பலகை.
புகையிலை ஆலைவிட்டுத் திரும்பும் மாலைகளில்
பந்து தரையில் மோதும் ஓசை கேட்கும்.
மணிக்குப் பழகிய காது
அதையும் எண்ணிக்கொண்டே வருகிறது.

பெரிய வியாழனன்று
வெங்காயத் தோலைப் போட்டு முட்டை அவித்தேன்.
மூன்று முட்டை.
ஆவி வெளியே போய்ச் சொல்லிவிடாதபடி
சன்னல் இடுக்கில் துணி திணித்தேன்.
சிவப்பாகத்தான் வந்தது,
கொஞ்சம் பழுப்பேறி, காய்ந்த காயம் மாதிரி.

ஞாயிறு இரவு திரையை இழுத்துவிட்டுத் தின்றோம்.
திங்களன்று டீச்சர் கேட்பார்:
நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டாய்?
லேக்குக்கு ஏழு வயது.
சோள ரொட்டி என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன்.
பொய் சொல்லாதே என்று பழக்கியதும் நான்தான்.

முட்டையைத் தின்பது சுலபம். ஓடுதான் ஆபத்து.
எங்கள் கட்டிடத்தில் குப்பையைக் கிளற ஆள் உண்டு,
கீழ்த்தளத்து மிரீகா.
அவள் எழுதிக்கொடுத்த அரைப் பக்கத்துக்காக
என் ஸெஃப் எட்டு வருடத் தண்டனையில்
ஸ்பாச் சுரங்கத்தில் செம்பு வெட்டுகிறான்.
குற்றம்: இறந்த தாயின் நெற்றியில்
கட்டைவிரலால் ஒரு சிலுவை.

காப்பி அரைக்கும் பித்தளைக் குழலில் ஓட்டை அரைத்து
பூனா ஆற்றுப் பாலத்தில் நின்று பையை உதறினேன்.
ஒரு துண்டு குறைந்தது போலிருந்தது.
மூன்று இரவு தூக்கமில்லை.

இரவுகளில் மொச்சை பொறுக்குவேன்.
பத்து மொச்சை, ஒரு கல், மறுபடி பத்து.
யார் எட்டிப் பார்த்தாலும் அது நாளைய சமையல்.
எல்லாம் ஒழுங்காகத்தான் போகும்,
நாங்கள் பொறுப்பது போல என்று வரும்வரை.
அந்தப் ‘போல’வில் நாக்கு தடுக்கும்.
மொச்சையைப் பொறுக்கலாம்.
மிரீகாவைப் பொறுக்க முடியவில்லை.
போல என்றால் எவ்வளவு, ஆண்டவரே?
அளந்து சொல்லும்,
ரேஷன் கடைக்காரனைப் போலவாவது.

மே மாதம் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது.
கட்சிக்காரர்கள் ஒருமுறை வந்தார்கள்,
சுவரில் தலைவர் படம் நேராக இருக்கிறதா என்று
பார்த்துவிட்டுப் போனார்கள்.
மூன்றாம் நாள் மாடிப்படி வரை நாற்றம்.

கருணையோடு போனேன் என்று சொன்னால் பொய்.
பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.
வாளி, சோப்பு,
ஸெஃபின் பழைய சட்டையில் கிழித்த துணி.
அந்தச் சட்டையை வேண்டுமென்றே எடுத்தேன்,
அவளுக்குத் தெரியட்டும் என்று.
புரட்டினேன். துடைத்தேன்.
எந்தச் சங்கீதமும் நெஞ்சில் எழவில்லை.
இடுப்பு வலித்தது.

விரிப்பை மாற்ற மெத்தையைத் தூக்கினேன்.
அடியில் ஒரு தீப்பெட்டி. உள்ளே பஞ்சு.
பஞ்சின் மேல்
நகத்தளவு சிவப்பு முட்டை ஓடு.

என் குப்பையில் எடுத்து,
கொண்டுபோய்க் கொடுக்காமலே வைத்ததா?
கொடுக்க நாள் பார்த்து வைத்ததா?
இல்லை, அவளும் சன்னலில் துணி திணித்து
தனக்கென்று ஒன்றே ஒன்று அவித்தாளா?
நல்ல கண் என்னையே பார்த்தது.
வாய் கோணி எதையோ தேடியது.
சொல் வரவில்லை.

பெட்டியை மூடி இருந்த இடத்தில் வைத்தேன்.
சூப்பை ஊட்டினேன்,
பாதி தாடையில் வழிந்தது.

இன்றுவரை தெரியாது.
தினம் இரண்டு வேளை கீழே இறங்குகிறேன்.
ஸெஃபுக்கு எழுதும் கடிதத்தில் இது இல்லை.
எழுதினால் எனக்கு முன்னால்
அவன் மன்னித்துவிடுவான்.

‘போல’ வரும்போது இப்போதும் நிற்கிறேன்.
சில இரவு தாண்டிவிடுகிறேன்.
சில இரவு அப்படியே விட்டு
அடுத்த மொச்சையை எடுக்கிறேன்.

நேற்று அவள் சோப்பு தீர்ந்துவிட்டது.
என் பங்குக் கட்டியை இரண்டாக வெட்டி
சிறிய துண்டோடு இறங்கினேன்.
நான்காம் படியில் நின்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறி
மாற்றி எடுத்துவந்தேன்.